வாட் கேட்பதற்கு முன் அறையைச் சொல்லுங்கள்



உங்கள் கடிதங்களில் அடிக்கடி வரும் கேள்வி, “எத்தனை வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கலாம்?” என்பதுதான். ஆவலோடு கேட்கிறீர்கள். ஆனால் அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும்.

50 வாட் ஆம்பைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் காதுக்கு இருமடங்காகத் தெரிய, ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதைவிட, ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைப் பாருங்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்த சத்தம் அது.

1970களில் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ ஸ்பீக்கருக்கு சென்சிடிவிட்டி 83 டெசிபல் அளவில்தான். வேனுக்குள் பொறியாளர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்டார். அவருக்கு அது தாராளம். பால் கிளிப்ஷ் 1940களில் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர், அறையின் மூலைக்கென்றே பிறந்தது. இரண்டு சுவர்களும் அதன் ஹார்னின் தொடர்ச்சியாகிவிடும். நிறுவனம் சொல்லும் கணக்கு 105 டெசிபல். அதே சத்தத்தை எல்.எஸ். 3/5ஏ-யில் எழுப்ப ஏறக்குறைய 150 மடங்கு வாட் தேவைப்படும். அந்தச் சின்னப் பெட்டி அதைத் தாங்காது. இரண்டுமே அருமையான ஸ்பீக்கர்கள். இரண்டையும் செய்தவர்கள் முதலில் யோசித்தது இடத்தைத்தான்.



இனி நம் வீடு. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி, நான்கு பக்கமும் சிமென்ட் சுவர். இதில் மூன்று திசையிலும் சுமார் 56 ஹெர்ட்ஸிலேயே ஒலி தேங்கும். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதை மீட்டும்போதெல்லாம் அறை ‘கும்’மென்று இரைந்து பாடகரின் குரலை அமுக்கிவிடும். எத்தனை லட்சத்துக்கு ஆம்ப் வாங்கினாலும் இது போகாது. திரைச்சீலையும் கம்பளமும் மேல்ஸ்தாயியைத்தான் அடக்கும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுங்கள். பின்சுவரை ஒட்டிய நாற்காலியையும் நகர்த்திப் பாருங்கள். காசு செலவில்லாத இந்த வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகச் செய்யுங்கள்.

அடுத்த முறை எழுதும்போது அறையின் நீளம், அகலம், உயரம், நீங்கள் உட்காரும் இடம், ஸ்பீக்கரின் பெயர் ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். ஆம்பைச் சேர்ந்தே தேர்ந்தெடுப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்