நாவில் வாழும் செல்வம்

மாமல்லபுரத்துக் கற்சிற்பங்கள் 1984-ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பெற்றன. அவற்றைக் காக்கக் காவலர் உளர். அக்கடற்கரையில் வலை இழுப்போர் பாடிய அம்பாப் பாட்டைக் காப்பவர் யார்? கல் ஆயிரம் ஆண்டு நிற்கும்; பாட்டோ பாடுவார் நாவில் மட்டுமே வாழும்.

நாட்டுப்பாட்டைக் கேட்க வாய்ப்பளித்தால் அது எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்குக் கொல்லங்குடி கருப்பாயி அம்மையார் சான்றாவார். சிவகங்கைச் சீமையின் சிற்றூரில் பிறந்த அவர், வானொலியில் பாடிப் பலரும் அறியப்பெற்றார். 1985-இல் வெளிவந்த ‘ஆண்பாவம்’ திரைப்படத்தில் நடித்துப் பெரும்புகழ் எய்தினார். கலைமாமணி விருதும் பெற்றார். 2025-இல் அவர் மறைந்தார். பதிவான அவர் குரல் இன்றும் ஒலிக்கின்றது.

செங்கற்பட்டு வயல்களில் நடவுப்பாட்டுப் பாடிய மூதாட்டியருள் எத்தனை பேர்க்கு அவ்வாய்ப்புக் கிட்டியது? படகிலும் வயலிலும் எந்திரம் புகுந்தபின், தொழிலோடு பிறந்த பாட்டுக்கு இடம் சுருங்கிவிட்டது. ஆதலின், ஒரு சிலர்க்கு விருது வழங்குவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பாடுவோர் வாழுங்காலத்திலேயே அவர்தம் பாட்டைப் பதிவு செய்தல் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் பாட்டியாரைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பாட்டையேனும் ஏட்டில் எழுதி வையுங்கள்.