மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

கடந்த ரமழானுக்கு முன் உம்மம்மாவுக்குக் கடும் காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்றார்கள். மூன்று நாள் மருந்து குடித்தும் குறையவில்லை. பரிசோதனை அறிக்கையில் ஒவ்வொரு மருந்தின் பெயருக்கும் எதிரே ஓர் எழுத்து இருந்தது. 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். 'ஆர்' என்றால் அடங்காது. சிப்ரோபுளொக்சசினுக்கு எதிரே 'ஆர்'. வேறு மருந்தை ஊசி மூலம் ஏற்றி, எட்டாம் நாள்தான் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

அடுத்த வாரம் டிக்கோயாவில் இருக்கும் சாச்சாவைப் பார்க்கப் போனோம். அவர் முந்நூறு புரொயிலர் கோழிகள் வளர்க்கிறார். கோழிக்கூட்டின் மூலையில் தண்ணீரில் கலக்கும் மருந்துப் போத்தல் ஒன்று இருந்தது. அதில் என்ரோபுளொக்சசின் என்று எழுதியிருந்தது. உயிரியல் ஆசிரியையிடம் கேட்டபோது, இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள் என்றார்.

உம்மம்மாவின் நோய் சாச்சாவின் கோழியால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமில்லை. தடிமனுக்கும் பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கி, பாதியில் நிறுத்துகிறவர்கள் நாமும்தான். ஆனால் சாச்சாவிடம் நான் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. "தீனிலும் மருந்து கலந்திருக்கிறதா சாச்சா?" மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். புரதத்தின் அளவு பெரிதாக இருந்தது. அடியில் ஆங்கிலத்தில் இருந்த சிறிய எழுத்துகள் ஈரம் பட்டு அழிந்திருந்தன. "எனக்கென்ன தெரியும் மகள்? கடையில் தருவதை வாங்கி வருகிறேன்" என்றார்.

தீனில் மருந்து கலக்கும் வழக்கம் புதியதல்ல. 1940களின் இறுதியில் அமெரிக்காவில், சிறிதளவு அன்டிபயோட்டிக் சேர்த்த தீனைத் தின்ற கோழிக்குஞ்சுகள் வேகமாக வளர்வதைக் கண்டார்கள். அன்றிலிருந்து நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் மருந்து அன்றாட உணவானது. இதில் ஆபத்து என்னவென்றால், சிறிய அளவு மருந்து பலவீனமான கிருமிகளை மட்டுமே கொல்கிறது. தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. எச்சத்திலும் நீரிலும் இறைச்சியிலும் அவை வெளியே வருகின்றன. 2015இல் சீனாவில், கடைசி ஆயுதமாக வைத்தியர்கள் வைத்திருந்த கொலிஸ்டின் மருந்தை எதிர்க்கும் மரபணு ஒன்று, ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பண்ணைப் பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிலும் அது இருந்தது. இந்தியா 2019இல் உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது.

நமது நாட்டில் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குணவுச் சட்டம் இருக்கிறது. தீன் தயாரிப்பையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்த வந்த சட்டம் அது. அதே 1986இல்தான் சுவீடன், வளர்ச்சிக்காகத் தீனில் அன்டிபயோட்டிக் கலப்பதை உலகில் முதலாவதாகத் தடை செய்தது. அதைக் கேட்டவர்கள் அந்நாட்டு விவசாயிகளே. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இல் அந்தத் தடை வந்தது. அங்கே மிருக வைத்தியரின் சீட்டு இல்லாமல் மருந்து கலந்த தீன் வாங்க முடியாது.

சாச்சாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "டொக்டர் வந்து சேர்வதற்குள் பாதிக் கோழி செத்துவிடும். கடன் யார் கட்டுவது?" அவர் சொல்வது நியாயம்தான். குளிரும் மழையும் ஓயாத மலைநாட்டில் கோழிக்கு நோய் வருவது சாதாரணம். தோட்டங்களிலும் இதே நிலைதான். லயனில் ஒரு பசு வைத்திருக்கும் தாய், மடி வீக்கத்துக்கு ஊசி போட்டால் சில நாள் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கக் கூடாது. அந்த நாட்களின் வருமானத்தை அவருக்கு யார் கொடுப்பது? சட்டத்தின் சுமை முழுவதையும் இவர்கள் தலையில் இறக்கினால் மருந்தை மறைக்கத்தான் பழகுவார்கள்.

நோயுற்ற விலங்குக்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2017இல் அதை மறுக்கவில்லை. நோயில்லாத விலங்குக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்றே பரிந்துரைத்தது. ஆகவே கட்டுப்பாடு தீன் ஆலையிலிருந்தும் விற்பனைக் கடையிலிருந்தும் தொடங்கட்டும். மூட்டையில் என்ன மருந்து, எவ்வளவு, கொடுத்து எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அழியாத எழுத்தில் அச்சிட வேண்டும். மருந்து கலந்த தீன் மிருக வைத்தியரின் சீட்டுக்கு மட்டுமே விற்கப்பட வேண்டும். அந்த வைத்தியர் தோட்டப் பகுதிக்கும் குறித்த நாளில் வர வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இறைச்சி வாங்கும்போது ஹலாலா என்று கேட்கிறோம். குர்ஆன் ஹலாலோடு தய்யிபையும், அதாவது தூய்மையான நல்ல உணவையும், சேர்த்தே சொல்கிறது. அந்த இரண்டாவது கேள்வியை நாம் யாரிடமும் கேட்பதில்லை.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், அதை வாங்குபவர் காணும்படி மேலே வைக்கவில்லையே என்று வியாபாரியைக் கேட்டதையும் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அந்த ஈரத்தை ஒரு கையால் தொட்டறிய முடிந்தது. தீனில் கலந்த மருந்தைக் கைவிட்டு அறிய முடியாது. ஆகவே உள்ளே இருப்பது மூட்டையின் மேல் எழுதப்படட்டும். சாச்சாவும் வாசிக்கட்டும், நாமும் வாசிப்போம்.