பொறி மொழிபெயர்க்கும், பொறுப்பேற்குமா?

"கையில் ஒரு தொலைபேசி இருந்தால் போதும், இனிப் பிறமொழி கற்பது வீண் வேலை" என்றொரு வாதம் இன்று படித்தவர் மத்தியிலும் பரவி வருகின்றது. சீனத்து எழுத்தைக் காட்டினால் அது தமிழில் வாசித்துக் காட்டுகின்றது. ஜெர்மானியர் பேசினால் நொடிப்பொழுதில் பொருள் சொல்கின்றது. அவ்வாறிருக்க, எமது பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் அந்நிய இலக்கணத்தோடு மல்லுக்கட்டுவானேன் என்று பெற்றோர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதனைச் சிரித்து ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. ஆயினும், அவசரத்தில் அளிக்கப்படும் விடை சிறிய மொழியினங்களின் உரிமையையே விலையாகக் கேட்கக்கூடும். ஆதலின் இதனை ஆற அமர ஆராய்தல் எமது கடமையாகின்றது.

இந்த நம்பிக்கை நேற்று முளைத்ததன்று. 1954ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் நியூயோர்க் நகரில் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தாரும் ஐ.பி.எம். நிறுவனத்தாரும் கூடி, ரஷ்ய வாக்கியங்கள் அறுபதுக்கு மேற்பட்டவற்றைக் கணினியைக் கொண்டு ஆங்கிலமாக்கிக் காட்டினர். அப்பொறி அறிந்திருந்த சொற்கள் 250. இலக்கண விதிகள் ஆறு. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் காரியம் கைகூடிவிடும் என்று அன்று சொல்லப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 1966இல், அமெரிக்க அரசாங்கம் அமைத்த குழுவொன்று கணக்குப் பார்த்தது. பொறியின் மொழிபெயர்ப்பு மனிதனுடையதை விடத் தாமதமானது, பிழை மலிந்தது, செலவும் கூடியது என்று அது முடிவு கூறிற்று. பணம் நின்றது, ஆராய்ச்சியும் நெடுங்காலம் தளர்ந்தது.

ஆனால், பழைய தோல்வியைக் காட்டி இன்றைய வெற்றியை மறுப்பது நேர்மையாகாது. இலக்கண விதிகளைப் பொறிக்குப் புகட்டும் முயற்சியை அறிஞர்கள் பின்னர் கைவிட்டனர். மனிதர் ஏற்கெனவே மொழிபெயர்த்து வைத்த நூல்களை அருகருகே வைத்து, எச்சொல்லுக்கு எச்சொல் நேர்கின்றது என்று பொறியே கண்டுகொள்ளும் முறையைக் கைக்கொண்டனர். 2006இல் கூகிள் நிறுவனம் இதனைப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டது. 2011இல் தமிழும் 2014இல் சிங்களமும் அதில் சேர்ந்தன. 2016 முதல் கையாளப்பட்ட புதிய முறையால் மொழிபெயர்ப்பின் தரம் பெரிதும் உயர்ந்தது. சொல் சொல்லாகத் தட்டுத்தடுமாறிய பொறி இப்பொழுது வாக்கியமாகப் பேசுகின்றது.

இதனால் விளைந்த நன்மையை நாம் மனமார வரவேற்கின்றோம். வவுனியாவில் நெல் விதைக்கும் கமக்காரர், வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சிமருந்துப் போத்தலின் அறிவுறுத்தலைத் தம் மொழியில் படிக்க முடிகின்றது. புலம்பெயர்ந்த மகனுக்கு நோர்வேயிலிருந்து வந்த கடிதம் எதைப் பற்றியது என்று தாய் அறிய முடிகின்றது. மருத்துவர் ஜப்பானிய ஆய்வொன்றின் சாரத்தைக் காலையில் கண்டு மாலையில் பயன்படுத்த இயல்கின்றது. அறிவுக்கு வாயிற்காவலராக நின்றவர்களின் கையிலிருந்து திறவுகோல் பறிக்கப்பட்டுவிட்டது. நன்று. விடுதியில் அறை கேட்கவும், வழி விசாரிக்கவும், ஒரு பத்திரத்தின் பொருள் யாதென மேலோட்டமாக அறியவும் இனி எவரும் ஒரு மொழியை முயன்று கற்க வேண்டியதில்லை. அவ்வளவும் ஒப்புக்கொள்கின்றோம்.

ஒப்புக்கொண்டபின் கேட்கின்றோம்: இந்தப் பொறிக்கு இவ்வறிவு எங்கிருந்து வந்தது?

கனடாவின் பாராளுமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளியிடப்படுகின்றன. அந்த ஏடுகளே இம்முறையின் முதல் விளைநிலமாயின. ஐரோப்பிய பாராளுமன்றத்தின் பன்மொழிப் பதிவுகளும் அவ்வாறே பயன்பட்டன. அவை ஒவ்வொன்றும் இரு மொழி கற்ற மனிதர் இராப்பகலாக இருந்து எழுதியவை. பொறி அறுப்பது மனிதன் விதைத்ததையே. இனி மொழி கற்க வேண்டாம் என்போர், இவ்வாண்டு விளைச்சல் நன்று என்று கண்டு விதைநெல்லைக் குற்றி உண்ணச் சொல்வோரை ஒப்பர். விதைநெல்லை உண்டவனின் வயிறு அன்று நிறையும். அடுத்த காலபோகத்தில் அவன் வயல் என்னாகும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய மொழிகளுக்கு இந்த விதை மலைபோற் குவிந்துள்ளது. சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே அது சொற்பம். மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர் அரச ஆவணங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மாற்றுவதற்கெனத் தனிப்பொறி அமைத்த முயற்சி பாராட்டுக்குரியது. அதற்கும் மூலதனம் மொழிபெயர்ப்பாளர் எழுதி வைத்த ஆவணங்களே. நேரடி மூலம் போதாதவிடத்து, ஒரு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து மற்றைய மொழிக்கும் செல்லும் சுற்றுவழி நெடுங்காலம் கையாளப்பட்டு வந்தது. அவ்வழியில் எவை சிந்திப் போகின்றன என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டுவோம்.

தமிழில் 'நாம்' என்றால் கேட்பவனும் உட்பட்டவன். 'நாங்கள்' என்றால் அவன் புறம்பானவன். "இக்குளத்து நீரை நாம் பயன்படுத்துவோம்" என்பதும் "நாங்கள் பயன்படுத்துவோம்" என்பதும் ஒன்றல்ல. முன்னையது உடன்பாடு, பின்னையது வழக்கு. ஆங்கிலத்திலே இரண்டுக்கும் ஒரே சொல்தான். சிங்களத்திலும் அவ்வாறே. இரு மொழியும் அறிந்தவன் அவ்விடத்தில் நின்று, "கேட்பவரை நீக்கிச் சொல்லப்பட்டது" என்று ஒரு குறிப்பு எழுதுவான். பொறி நிற்பதில்லை, தடுமாறியதாகக் காட்டிக்கொள்வதுமில்லை. சரியானதை எந்தச் சரளத்தோடு சொல்கின்றதோ அதே சரளத்தோடு பிழையையும் சொல்கின்றது. தமிழகத்தார் 'பத்திரம்' என்பதை நாம் 'உறுதி' என்கின்றோம். எமது வழக்கை அறியாத பொறி 'காணி உறுதி'யை நிலத்தின் திண்மை என்று கொண்டால், அதனைப் பிழையென்று கூற இரு மொழியும் தெரிந்த ஒருவராவது இருந்தாக வேண்டும்.

இவை ஏட்டுச் சுரைக்காய் என்று சிலர் கருதலாம். 2017ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்ததைக் கேட்கட்டும். இஸ்ரேலின் ஆதிக்கத்திலுள்ள மேற்குக் கரையில், பலஸ்தீனத் தொழிலாளி ஒருவர் தாம் வேலை செய்யும் இடத்தில் நிலந்திருத்தும் இயந்திரத்தில் சாய்ந்து நின்ற படத்தை முகநூலில் இட்டு, அரபு மொழியில் காலை வணக்கம் கூறினார். பொறி அதனைத் தாக்குதலுக்கான அறைகூவல் என ஹீப்ரு மொழியில் மாற்றிக் காட்டிற்று. பொலீசார் அவரைக் கைதுசெய்து விசாரித்தனர். பிழை தெரிந்தபின் விடுவித்தனர். கைது செய்வதற்கு முன் அரபு அறிந்த உத்தியோகத்தர் எவரும் அந்த மூலத்தைப் படித்துப் பார்க்கவில்லை என்று அன்றைய செய்திகள் தெரிவித்தன. அங்கே பிழைத்தது பொறி மட்டுமன்று. அயலவனின் மொழியைக் கற்க வேண்டிய தேவை தமக்கில்லை என்று கருதிய ஆட்சியும் பிழைத்தது. பொறி வருத்தம் தெரிவிக்காது. அதனை உடைய நிறுவனம் மன்னிப்புக் கோரிற்று. சிறையிருந்த பொழுதுகளை எவர் திருப்பிக் கொடுப்பர்?

மொழிபெயர்ப்பு என்பது பொருளை மாற்றுவது மாத்திரமன்று. அதற்கு ஒருவர் சாட்சியாக நிற்பது. இந்த உண்மையை எமது சொந்தச் சட்டத்தின் சரித்திரமே விளக்குகின்றது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை எழுதித் தருமாறு ஒல்லாந்த தேசாதிபதி சைமன்ஸ் கட்டளையிட, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்து எமது வழக்கங்களை நேரிற் கண்டறிந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அவற்றை ஒல்லாந்த மொழியில் தொகுத்தார். தொகுத்ததோடு காரியம் முடியவில்லை. அது தமிழாக்கப்பட்டது, பன்னிரண்டு முதலிமார் முன் வைக்கப்பட்டது, அவர்கள் படித்துப் பார்த்து, இஃது எம் வழக்கத்துக்கு ஒத்தது என்று ஏற்றனர். அதன் பின்னரே அது தேசவழமையாயிற்று. 1806இல் ஆங்கிலேயரும் அதற்குச் சட்ட வலு அளித்தனர். அந்நிய ஆட்சியாளன் கூட, எவரைக் கட்டுப்படுத்தும் சட்டமோ அவர்தம் மொழியில் அவர்களே படித்து ஒப்ப வேண்டும் என்று கருதினான்.

பின்னர் 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டபோது, 'தேடியதேட்டம்' என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேடாது அதனை அப்படியே வைத்தனர். கணவனும் மனைவியும் மணவாழ்க்கையிற் சேர்த்த தேட்டத்துக்கு நேர்ச்சொல் அம்மொழியில் இல்லை என்பதை அறிந்தவர் செய்த வேலை அது. எதை மொழிபெயர்க்கலாகாது என்று அறிவதற்கும் இரு மொழியறிவு வேண்டும்.

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். 1956இல் சிங்களம் மாத்திரமே அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று கூறிற்று. ஆயினும், பாராளுமன்றம் இயற்றும் சட்டங்களின் இறுதியில் வழமையாக ஒரு பிரிவு காணப்படும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்குமிடையே முரண்பாடு நேருமிடத்து, சிங்கள உரையே மேலோங்கும். இதன் பொருள் யாது? தமிழில் மாத்திரம் சட்டம் படித்த வழக்கறிஞர், தம் கட்சிக்காரரின் தலைவிதியை நிர்ணயிக்கும் உரையைப் படிக்கவில்லை. பொறி அதனைத் தமிழில் காட்டலாம். ஆனால், "இந்த மொழிபெயர்ப்பு உரிமையைக் குறைக்கின்றது" என்று நீதிமன்றில் எழுந்து வாதிடப் பொறிக்கு நாவில்லை. நீதவானும் அதனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து மறுபக்கத்தில் உண்டு. 2007 ஜூலை முதலாம் நாளின் பின் அரச சேவையிற் சேர்வோர், ஐந்தாண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை விதித்தது. அதன் நிறைவேற்றம் எவ்வாறிருப்பினும், விதி நல்லது. நாளை ஓர் உத்தியோகத்தர், "எனக்கேன் தமிழ்? தொலைபேசி இருக்கின்றதே" என்று கூறுவாராயின், அவ்விதி காற்றிற் பறந்துவிடும். அலுவலகப் பலகணியில் தம் மொழியிற் பேசிப் பதில் பெறுவது பிரசையின் உரிமை. அது மின்கலத்தின் வலுவிலும், இணைப்பின் வேகத்திலும், உத்தியோகத்தரின் மனோநிலையிலும் தங்கிய சலுகையாகத் தேய்ந்துவிடும். மொழியைக் கற்பது அரசின் கடமை. கடமையைப் பொறியின் தலையிற் சுமத்தி விலக எவருக்கும் இடமளிக்கலாகாது. இந்நியாயம் சிங்கள மக்களிடையே பணிபுரியும் தமிழ் உத்தியோகத்தருக்கும் சரியளவாகப் பொருந்தும்.

"பொறி நாளை மேலும் திருந்தும், பிழையே செய்யாத நாள் வரும், அப்பொழுது என்ன சொல்வீர்கள்?" என்று கேட்கலாம். வரட்டும். அன்றும் ஒன்று மாறாது. பிரசித்த நொத்தாரிசு உறுதியை எழுதினால் மாத்திரம் போதாது; அதனை வாசித்து விளங்கப்படுத்தி, இரு சாட்சிகள் முன் கையொப்பம் பெற வேண்டும். எழுதியவரின் திறமையில் ஐயங்கொண்டு சட்டம் இவ்வாறு விதிக்கவில்லை. வழக்கு எழும் நாளில் பொறுப்புக்கூற ஆள் வேண்டும் என்பதற்காகவே விதித்தது. பிறமொழி அறிந்தோர் ஒருவரும் இல்லாத சமூகம், சாட்சியில்லாத உறுதியில் கைநாட்டு வைக்கும் சமூகமாகும்.

மொழியறிவு அளிக்கும் பலத்தை எம்மை ஆண்டவர் நன்கு அறிந்திருந்தனர். 1803இல் படையோடு கண்டிக்குச் சென்று ஆங்கிலேயர் தோற்றனர். சிங்களத்தைக் கற்றுத் தலைமை மொழிபெயர்ப்பாளரான ஜோன் டொயிலி, பிரதானிகளோடு ஆண்டுக்கணக்காகக் கடிதப் போக்குவரத்து நடத்தினார். 1815இல் கண்டி இராச்சியம் பெரும் போரின்றியே கைமாறிற்று. எமது தரப்பிலோ, காரைநகருக்கு எதிரேயுள்ள ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்த தனிநாயகம் அடிகள் பல ஐரோப்பிய மொழிகளைக் கற்றார். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூலையும், 1679இன் தமிழ் - போர்த்துக்கீச அகராதியையும் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. பொறி கேட்டதற்கு விடை தரும். எங்கே சென்று எதைக் கேட்க வேண்டும் என்ற தாகம் கற்றவனுக்கே பிறக்கும்.

ஆகவே எமது முடிவு இதுதான். எல்லோரும் பல மொழி கற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. பொறியை எவரும் விலக்க வேண்டும் என்றும் கூறவில்லை. ஏரைப் பிடித்தவன் உழவு இயந்திரத்தை ஏற்றான். ஆயினும், நிலத்தை அறியும் கண்ணை அவன் விற்றுவிடவில்லை. அதுபோலவே, ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலையிலிருந்தும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் ஐயந்திரிபறக் கற்ற சிலராவது ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். உலகின் பிற பெருமொழிகளுக்கும் எம்மிடையே சிலர் வேண்டும். நீதிமன்றம், வைத்தியசாலை, காணிக் கந்தோர், பொலீஸ் நிலையம் ஆகிய இடங்களில் பொறி எழுதியதற்குக் கீழே பெயர் சொல்லி ஒப்பமிடும் மனிதர் ஒருவர் இருந்தேயாக வேண்டும். அவ்வாறில்லாத மொழிபெயர்ப்பு எவரையும் கட்டுப்படுத்தலாகாது.

பெற்றோர்க்கு ஒரு சொல்: பிள்ளையின் கையிற் பொறியைக் கொடுங்கள்; அது பிழை சொல்லும்போது கண்டுபிடிக்கும் கல்வியையும் உடன் கொடுங்கள். முன்னதை எவரும் கடையில் வாங்கலாம். பின்னதை நாமே விளைவிக்க வேண்டும்.