டிவி வந்த தேதி

சதுரங்கப்பட்டினத்தின் 17ஆம் நூற்றாண்டைத் தேடுகிறவருக்குக் கவலையில்லை. இங்கே கோட்டை கட்டி, துணி வாங்கிக் கப்பலேற்றிய டச்சுக்காரர்கள் கணக்கும் கடிதமுமாக எழுதிக் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் காகிதங்கள் தி ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களின் பழைய கையெழுத்தைக் கணினியை விட்டே படிக்கவைத்து, சொல் போட்டுத் தேடும்படி இணையத்தில் ஏற்றியும் விட்டார்கள்.

சென்னையில் டிவி ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அங்கிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர் தெற்கே, இந்தக் கடற்கரையில் அது முதலில் எந்த வீட்டு ஆண்டெனாவில் சிக்கியது, திரையில் அன்று என்ன ஓடியது என்று கேட்டால் இணையம் கையை விரிக்கிறது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய துணி மூட்டைக்குச் சாட்சி இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய டிவி நிகழ்ச்சிக்கு இல்லை.

பதில்தான் இல்லையே தவிர, பேச்சுக்குக் குறைவில்லை. ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைப் படம், ‘வயலும் வாழ்வும்’, நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன ‘எதிரொலி’, செய்தி வாசித்த ஷோபனா ரவி என்று நினைவுக் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. படிக்கச் சுகம்தான். ஆனால் பல கட்டுரைகள் ‘80களில் பொதிகையில்’ என்றே ஆரம்பிக்கும். பொதிகை என்ற பெயர் வந்ததே 2000இல். 2024 ஜனவரியில் அதுவும் போய் ‘டிடி தமிழ்’ ஆகிவிட்டது. 80களில் அது வெறும் சென்னைத் தொலைக்காட்சி, அல்லது தூர்தர்ஷன். எழுதியவர் ஞாபகத்திலிருந்து எழுதுகிறாரா, எதையாவது புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறாரா என்பது இந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிடும்.

நிறமும் காட்டிக்கொடுக்கும். ‘1978, சென்னை டிவி’ என்று தலைப்பிட்ட ஒரு யூடியூப் வீடியோவில் ஸ்டுடியோ நிகழ்ச்சி கலரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தேதி தப்பு. இந்தியாவில் கலர் ஒளிபரப்பு 1982இல்தான் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் கலர் பெட்டியும் வீடியோ ரெக்கார்டரும் வீடுகளுக்குள் நுழைய ஆரம்பித்தன. ரெக்கார்டர் இல்லாமல் வீட்டில் பதிவு ஏது? ஏற்றியவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. கேசட்டின் மேல் யாரோ பேனாவால் எழுதிவைத்த வருஷத்தை அப்படியே தட்டியிருப்பார்.

சென்னைக்கு 1975க்கும் முந்தைய டிவிக் கதை ஒன்று உண்டு. 1950 ஜனவரியில், தேனாம்பேட்டையில் நடந்த ஒரு கண்காட்சியில் பி. சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் டிவியை இயக்கிக் காட்டினார் என்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ செய்தி வெளியிட்டது. ஒரு கடிதத்தை வருடி, அதன் உருவத்தைக் கதிர்க்குழாய்த் திரையில் தெரியவைத்திருக்கிறார். இன்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘இந்தியாவின் முதல் டிவி சென்னையில்’ என்ற முழக்கமாக இது நிற்கிறது. அசல் செய்தியை எழுதிய நிருபருக்கு அவ்வளவு அவசரம் இல்லை. இதுவே முழு டிவி ஆகிவிடாமல் போகலாம், ஆனாலும் அந்த ஏற்பாட்டில் முக்கியமான கண்ணி இதுதான் என்று அளந்து எழுதினார். இந்தியாவில் இதுவே முதலாக இருக்கக்கூடும் என்றும் சேர்த்தார். பக்கத்துக்குப் பக்கம் நகலெடுத்தவர்கள் செய்தியை வைத்துக்கொண்டு ‘கூடும்’ என்பதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

டெல்லிக் கதையிலும் இதே கூத்து. அங்கே டிவி தொடங்கியது 1959 செப்டம்பர் 15 என்பதில் சண்டை இல்லை. சோதனை ஒளிபரப்பைப் பார்க்க எத்தனை பெட்டிகள் இருந்தன என்றால், ஒரு பக்கம் யுனெஸ்கோ தந்த 180 என்கும். இன்னொரு பக்கம் 21 சமுதாயப் பெட்டிகள் என்கும். இரண்டும் வேறு வேறு மாதங்களின் கணக்காகவும் இருக்கலாம். இந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு பக்கத்தைத் திறப்பதில் பயனில்லை, அதுவும் முதல் இரண்டில் ஒன்றைப் பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும். டெல்லியில் டிவி மன்றங்கள் அமைத்து நடத்திய சமூகக் கல்விச் சோதனை பற்றி யுனெஸ்கோ 1963இல் தனி அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. அதன் மின்னூலகத்தில் அது காசில்லாமல் கிடைக்கிறது. பணம் கொடுத்தவன் கேட்ட கணக்கு அது. மன்றத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பது வரை அதில் பேச்சு உண்டு.

தேடுபவர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் வேறு. 1976 ஏப்ரல் 1 வரை டிவி, அகில இந்திய வானொலியின் கீழ் இருந்தது. தூர்தர்ஷன் தனி அமைப்பானது அன்றுதான். ஆக, அதற்கு முந்தைய காலத்தைத் தூர்தர்ஷன் என்று தேடினால் சரக்கு கிடைக்காது. வானொலியைத் தேட வேண்டும். வானொலியின் ஆங்கில நிகழ்ச்சி இதழான ‘தி இந்தியன் லிஸனர்’ 1958இல் ‘ஆகாஷ்வாணி’ என்று பெயர் மாறியது. அந்த இதழ்களின் ஸ்கேன்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன.

நம்பகமான இடம் ஒன்றைச் சொல் என்றால் நாடாளுமன்ற மின்னூலகத்தைச் சொல்லலாம். 1952 முதலான மக்களவை விவாதங்கள் அங்கே இருக்கின்றன. எங்கள் ஊருக்கு டிவி எப்போது, ஏன் தாமதம், எத்தனை லட்சம் செலவு என்று கேட்பதில் எம்பிக்கள் சளைத்ததே இல்லை. அமைச்சர் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். தப்பாகச் சொன்னால் அவையில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அந்தப் பதில்களில் உண்டு. 1984இல் நாளுக்கொரு ஒளிபரப்பி என்ற வேகத்தில் நாடெங்கும் நிறுவினார்களே, எந்த ஊருக்கு எது வந்தது என்று அறிய இதுபோன்ற பட்டியல்களே துணை. ஸ்கேன் மங்கலாக இருக்கும். பொறுமை வேண்டும்.

ஊர்ப் பெயரும் பொறுமையைச் சோதிக்கும். சதுரங்கப்பட்டினம் என்று தட்டினால் ஒன்று, ஆங்கிலப் பெயரான சத்ராஸ் என்றால் வேறொன்று, பக்கத்துக் கல்பாக்கம் என்றால் அணுமின் நிலையம் மட்டும். 1975இல் இது செங்கல்பட்டு மாவட்டம். 1997இல் பிரித்தபோது காஞ்சிபுரம். 2019 முதல் மறுபடியும் செங்கல்பட்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவசதி அட்டவணையில் எத்தனை வீட்டில் டிவி என்று கிராம வாரியாகப் பார்க்கலாம், ஆனால் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்து தேட வேண்டும். மாநிலம் முழுவதற்கும் அப்போது நூற்றுக்கு 87 வீடு. 2006இல் தொடங்கிய இலவசக் கலர் டிவித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடு வீடாகப் போனதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்த எண் ஆச்சரியம் தராது.

பழைய நாளிதழ்களுக்குக் கூகுளின் செய்தித்தாள் காப்பகம். 2011இல் கூகுள் அந்த வேலையை நிறுத்திவிட்டாலும், அதற்குள் ஏற்றிய ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. சொல்லைத் தட்டினால் ஏறக்குறைய எதுவும் வராது. தேதியைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போக வேண்டும். விடுபட்ட நாள்களும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. சென்னை நிலையம் திறந்தது அவசரநிலைக் காலத்தில். ஜூன் 26இலிருந்து பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அதை எதிர்த்துத் தலையங்கத்தை வெற்றிடமாக விட்டு அச்சடித்த அதே ‘எக்ஸ்பிரஸ்’தான் ஆகஸ்டில் இந்தச் செய்தியையும் சுமக்கிறது. ஒளிபரப்பு எத்தனை மணிக்கு என்பதற்கு அன்றைய தாளை நம்பலாம். யார் எவ்வளவு பூரித்துப் போனார்கள் என்பதற்கு நம்ப வேண்டியதில்லை.

அந்த ஆண்டுகளில் டிவியையும் வானொலியையும் அரசு எப்படி ஆட்டிவைத்தது என்பதற்கு, அவசரநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கையைப் படிக்கலாம். அதை இன்று படிக்க முடிவதற்கு ஒரு தமிழர் காரணம். 1978இல் வெளிவந்த அறிக்கையின் பிரதிகள் 1980க்குப் பிறகு கண்ணிலேயே படாமல் போயின. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இரா. செழியன் தன்னிடமிருந்த பிரதியைக் காப்பாற்றி வைத்திருந்தார். 2010இல் அதைத் தொகுத்துச் சென்னையிலேயே மறுபடியும் அச்சேற்றினார். இப்போது இணையத்திலும் உலவுகிறது. காணாமல் போகவிருந்ததை ஒருவரது புத்தக அலமாரி காப்பாற்றியிருக்கிறது.

தாள் இப்படித் தப்பிக்கும். டேப் தப்பிக்காது. வீடியோ டேப் விலை அதிகமாக இருந்த நாள்களில் பழைய நிகழ்ச்சியின் மேலேயே புதியதைப் பதிவது உலக வழக்கம். பிபிசி தன் ‘டாக்டர் ஹூ’ தொடரின் கிட்டத்தட்ட நூறு பகுதிகளை இப்படித் தொலைத்தது. அவற்றில் ஒன்பது நைஜீரியாவின் ஜோஸ் நகர நிலையம் ஒன்றிலிருந்து மீண்டதாக 2013இல் அறிவித்தார்கள். நிலாவில் இறங்கிய காட்சியின் அசல் டேப்புகளையே நாசா அழித்துவிட்டு 2009இல் ஒப்புக்கொண்டது. அவர்களே அப்படி என்றால் சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் சென்னை நிலையத்தை மட்டும் நொந்து என்ன செய்ய? தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி, மிச்சமிருப்பதைத் தன் யூடியூப் சேனலிலும், 2024 நவம்பரில் தொடங்கிய ‘வேவ்ஸ்’ தளத்திலும் ஏற்றிவருகிறது. நடுவில் எவரோ ஏற்றிய அரைகுறைத் துண்டை நம்புவதைவிட இது மேல்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்ததற்குப் பிந்தைய காலத்துக்குக் கஷ்டம் வேறு விதம். தகவல் மலிந்து, சரிபார்க்க ஆளில்லை. ‘சித்தி’ தொடர் எத்தனை பகுதி, ‘மெட்டி ஒலி’ எந்த மாதம் முடிந்தது என்று ரசிகர்கள் எழுதிக் குவிக்கிறார்கள். ஐஎம்டிபியில்கூடப் பெரும்பகுதி பார்வையாளர்கள் அனுப்பிய தகவல்தான். தயாரித்த நிறுவனமே ஏற்றிய பிரதி கிடைத்தால் தலைப்பு அட்டையை நிறுத்தி, எழுத்து யார், இயக்கம் யார் என்று அதிலிருந்தே குறித்துக்கொள்வது உத்தமம்.

தென்மாவட்டக் கடற்கரைக்காரர்களுக்குக் கதையே வேறு. 80களில் அவர்கள் உயரமான கம்பத்தில் ஆண்டெனாவை ஏற்றி இலங்கை ரூபவாஹினியைப் பார்த்தார்கள். 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கிய அந்தச் சேனலைப் பற்றித் தேட ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்க்கும் நூலகம் தளம் இருக்கிறது.

இவை எதிலும் ஏறாத ஆவணங்கள் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. டிவி வைத்திருப்பவர் தபால் நிலையத்தில் வருஷா வருஷம் கட்டணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பித்த காலம் 80களின் நடுவோடு முடிந்தது. பெயர், முகவரி, தபால் நிலையத்தின் தேதி முத்திரை எல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்தில் இருக்கும். டயனோரா, சாலிடேர் பெட்டிகளின் கடை ரசீதும் அப்படியே. கல்பாக்கம் குடியிருப்பிலோ சதுரங்கப்பட்டினத்துத் தெருவிலோ ஒரு பரணில் அப்படி ஒன்று அகப்பட்டால், முகவரியை மறைத்து ஸ்கேன் எடுத்து, ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டி இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றிவிடலாம். கணக்குத் தொடங்கக் காசு கேட்பதில்லை.