பயனாளி என்று மொழிபெயர்த்தவள்

முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் பல ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராகவே அலைந்தேன். அந்த நாட்களில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி மொழிபெயர்ப்புச் செய்தேன். வந்தவற்றில் பாதி, பன்னாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களின் அறிக்கைகள். பயனாளி, பங்குதாரர், திறன் வளர்ப்பு, அதிகாரப்படுத்துதல். சங்கப் பாடல்களில் நெய்தல் திணையை ஆராய்ந்தவள், கடற்கரைப் பெண்களை இந்தச் சொற்களுக்குள் அடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை பாம்பன் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நிதி தந்த அமைப்பின் மதிப்பீட்டாளர்களுக்காக மொழிபெயர்க்கப் போனேன். கூட்டத்தில் இருந்தவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையைப் போட்டு, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையில் வளரும் பாசியைப் பறிப்பவர்கள். மதுரையின் அகர் ஆலைகளுக்குப் போகிறது அது. மாற்றுத் தொழிலாக என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டது. ஓர் அக்கா எழுந்தார். "தீவுக்குப் போக விடுங்கன்னுதான டீச்சர் கேட்டோம். கோழியையும் ஆட்டையுமா கேட்டோம்?"

நான் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த வரியின் பொருள் இது: மாற்று வாழ்வாதாரங்கள் குறித்த தங்கள் எதிர்பார்ப்புகளைப் பெண்கள் பகிர்ந்துகொண்டனர். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. படிவத்தில் அந்தக் கேள்விக்கு அப்படித்தான் பதில் இருக்க முடியும், நானே பழகியிருந்தேன்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கும் அறிவிப்பு 1986இல் வந்தது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். உலகச் சுற்றுச்சூழல் நிதியம், ஐநா வளர்ச்சித் திட்டத்தின் வழியே தந்த பணத்தில் 2002இல் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. கிராமக் குழுக்கள், சுழல்நிதிக் கடன்கள் எல்லாம் வந்தன. தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவது குற்றமாக நடத்தப்பட்டதும் இதே காலத்தில்தான் இறுகியது. மூட்டை பறிபோகும், அபராதம் விழும். பவளப்பாறையை இவர்கள் அழிக்கிறார்களாம். சுண்ணாம்புக்காக அதே பாறைகளைப் படகு படகாக வெட்டி எடுத்த காலத்தில் எந்த வேலியும் இல்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டு ஒரு காரணம். அவற்றைப் பாசிப் பெண்கள் மூழ்கடிக்கவில்லை.

இதைவிடக் கொடுமையான கதை கப்பாபைகஸ். அயல்கடலின் பாசி இனம். அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று கொண்டுவந்து வளர்த்த அதை, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் வணிகப் பயிராக்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு அது மாற்றுத் தொழிலாகக் கொடுக்கப்பட்டது. 2008இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். பணம் தருபவர்கள் வேறு வேறு, மொழி ஒன்றுதான்: பெண்ணிடம் இருக்கும் தொழில் பிரச்சினை, நாம் கொடுக்கும் தொழில் தீர்வு.

அந்தப் பெண்களோ தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். பாறையைச் சுரண்டும் இரும்பைக் கைவிட்டார்கள். சின்னப்பாலத்தின் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. அதைத் தந்ததும் ஓர் அமெரிக்க அமைப்புதான். ஆகவே வெளிநாட்டுப் பணமென்றால் நஞ்சு என்று கூவும் கூட்டத்தோடு என்னைச் சேர்க்க வேண்டாம்.

அந்தக் கூட்டத்துக்கும் எனக்கும் வேறு கணக்கு இருக்கிறது. இதே வளைகுடாவின் தென்கோடிப் பக்கம் இடிந்தகரை. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக அந்த ஊர்ப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங், அமெரிக்க, ஸ்காண்டிநேவிய நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இதற்குப் பின்னால் இருப்பதாகப் பேட்டி கொடுத்தார். மீன் விற்ற காசில் ஒரு பங்கும் பீடி சுற்றிய காசும் அந்தப் பந்தலுக்குப் போயின. ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு விழுந்தது.

பாசிப் பெண்களின் தீவைச் சுற்றி வேலி போட்ட திட்டத்தில் வந்ததும் வெளிநாட்டுப் பணம். அதைப் பற்றி எந்தப் பிரதமரும் பேட்டி கொடுக்கவில்லை. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஐநாவும் உலக வங்கியும் 'வெளிநாட்டு மூலம்' என்ற வரையறைக்குள்ளேயே வராதவை. 2020 திருத்தமோ, இந்தச் சட்டத்தின்கீழ் பணம் பெறும் ஓர் அமைப்பு இன்னொன்றுக்கு அதைப் பகிர்வதையே தடுத்துவிட்டது. பெரிய அமைப்பிடமிருந்து சிறுதொகை பெற்று ஊருக்குள் இயங்கிய பெண்கள் குழுக்களின் கழுத்தில்தான் கத்தி விழுந்தது. பெண்களை வாய்மூட வைக்கும் பணம் வளர்ச்சி; பெண்கள் வாய் திறந்தால், பணமே இல்லாவிட்டாலும், அது அந்நியச் சதி.

நிதி தருபவர்களுக்குத் தெரியாதா இது? அரசின் கையெழுத்தோடுதானே வருகிறார்கள். மக்களாட்சி பற்றி நம் ஊரில் கருத்தரங்கு நடத்துகிறார்கள். சொந்தத் திட்டத்தில், வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு இடம் வைப்பதில்லை. கூட்டத்துக்கு எத்தனை பெண்கள் வந்தார்கள் என்ற கட்டம் படிவத்தில் உண்டு. எத்தனை பேர் மறுத்தார்கள் என்ற கட்டம் நான் மொழிபெயர்த்த எந்தப் படிவத்திலும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். எந்த ஊர்ப் பெண்களைப் பற்றி அறிக்கை எழுதுகிறீர்களோ, அனுப்புவதற்கு முன் அதே ஊரில், அதே பெண்கள் முன்னால், தமிழில் வாசியுங்கள். இது நாங்கள் சொன்னதில்லை என்று ஒருத்தி சொன்னால் அந்த வரியை அடியுங்கள். முதலில் அடிக்க வேண்டிய வரி நான் எழுதியது.