அனுபவம் நம்முடையது, கோட்பாடு யாருடையது?

போன மாதம் காஞ்சிபுரத்தில் நடந்த படிப்பு வட்டத்தில், இயற்பியல் முதுகலை படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, தத்துவம் எல்லாம் நமக்கு எதுக்கு? நெட் பாஸ் பண்ணி வேலைக்குப் போனா போதாதா?"

கேள்வியில் தப்பில்லை. கூலிக்குப் பட்டு நெய்யும் வீட்டுப் பிள்ளை அவர். சின்ன வயதில் அப்பாவின் தறியில் கரை நாடா போட்டுக் கொடுத்தவர். வேலைதான் முதலில் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. தத்துவம் வேறு யாருடைய சொத்தோ என்ற எண்ணம் அது. தலைமுறை தலைமுறையாக நம் தலையில் ஏற்றப்பட்ட எண்ணம்.

அவருக்குச் சுந்தர் சருக்கையைப் பற்றிச் சொன்னேன். இயற்பியலும் தத்துவமும் பயின்றவர். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பெங்களூரு தேசிய உயராய்வு நிறுவனத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 2010-ல் மணிப்பாலில் தத்துவத்துக்கும் மானுடவியல் புலங்களுக்குமான மையத்தைத் தொடங்கி நடத்தியவர். அறிவியல் எந்த மொழியில் உலகைப் பேசுகிறது, சமச்சீர்மை என்றால் என்ன என்றெல்லாம் நூல்கள் எழுதியவர்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது?

2002-ல் தலித் அரசியல் சிந்தனையாளர் கோபால் குரு ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு பேசுகிறவர்கள் பார்ப்பனர்களைப் போலவும், தரவு திரட்டுகிறவர்கள் சூத்திரர்களைப் போலவும் பிரிந்து கிடக்கிறார்கள் என்றார். கோட்பாட்டை நாமும் கையில் எடுக்க வேண்டும் என்றார். 2007-ல் சருக்கை அதற்கு எதிர்வினை எழுதினார். அந்த விவாதம் வளர்ந்து 2012-ல் 'தி கிராக்டு மிரர்' என்ற கூட்டு நூலாக வந்தது. இயற்பியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த ஒருவர், தீண்டாமையைத் தத்துவத்தின் மையக் கேள்வியாக எடுத்துக்கொண்டு விவாதித்தார்.

அதில் அவர் சொன்ன ஒன்று முக்கியமானது. வாழ்ந்த அனுபவம் என்பது நாம் விட்டு வெளியேற முடியாத அனுபவம். ஆய்வாளர் ஒருவர் சேரியில் ஒரு மாதம் தங்கலாம், வேண்டாமென்றால் கிளம்பிவிடலாம். அங்கேயே பிறந்தவருக்கு அந்த வசதி இல்லை.

சரி. வெளியேற முடியாதவர் தன் அனுபவத்தைப் பற்றிக் கோட்பாடு எழுதக் கூடாதா? கருத்தரங்குகளில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று மைக்கைக் கொடுக்கிறார்கள். நாம் அழுதால் கைதட்டுகிறார்கள். அதற்கு விளக்கம் சொல்ல மட்டும் இன்னொருவர் எழுந்து வருகிறார்.

இயற்பியலிலிருந்து தத்துவத்துக்குப் போகும் பாலம் இருக்கிறது. அதில் நடக்க யாருக்கு வாய்க்கிறது என்பதே என் கேள்வி. ரோஹித் வெமுலாவை நினைத்துப் பாருங்கள். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசையைக் கடைசிக் கடிதத்தில் எழுதிவைத்தவர். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். அவரோடு அவர் எழுதியிருக்கக்கூடிய புத்தகங்களும் போயின.

காஞ்சிக்குத் தத்துவம் அந்நியமானதும் அல்ல. பௌத்தத் தர்க்கத்தின் பேராசான் திக்நாகர் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்பது மரபு. மணிமேகலை அறவண அடிகளிடம் தர்க்கம் கேட்பதும் இந்த ஊரில்தான். காட்சி, கருதல் என்ற இரண்டே அளவைகள் போதும் என்பது அந்தப் பௌத்த மரபு. சாத்திரம் சொல்லிவிட்டது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. கண்டறிய வேண்டும், கண்டதிலிருந்து சிந்தித்து அறிய வேண்டும். இன்று காண்பதை நமக்கும் சிந்திப்பதை அவர்களுக்கும் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். இந்தப் பங்கீட்டை நாம் ஏற்கக் கூடாது.

அந்தத் தம்பியின் அப்பா கோர்வைப் புடவை நெய்கிறார். உடலுக்கு ஒரு ஊடை, கரைக்கு வேறு ஊடை. ஒவ்வொரு வீச்சிலும் இரண்டையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். இரு கரையிலும் கணக்கு பிசகக் கூடாது. சமச்சீர்மை அவர் விரலுக்குத் தெரியும். அதைக் கைத்திறன் என்று பாராட்டுவார்கள், அறிவு என்று ஏட்டில் ஏற்ற மாட்டார்கள்.

தம்பி, நெட் எழுதுங்கள். வேலைக்கும் போங்கள். குவாண்டம் இயற்பியலையும் விடாதீர்கள். அப்பாவின் தறியில் இருக்கும் அறிவை அறிவு என்று நிறுவிக் கோட்பாடு எழுத, இரண்டும் தெரிந்த உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் குருவின் 2002 கட்டுரையைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசிக்கப் போகிறோம். அறிவியல் படிக்கும் தம்பி தங்கைகள் அவசியம் வாருங்கள். அனுபவத்தோடு மட்டும் வராதீர்கள், கேள்விகளோடும் வாருங்கள்.

ஜெய்பீம்.