முத்திரையும் நம்பிக்கையும்

மாமல்லபுரத்துக் கற்றளிகளைக் கண்டு வியவாதார் நம் கல்லூரியில் இலர். ஆயின், அவற்றைச் சமைத்த பல்லவர் வழங்கிய செப்பேடுகளை எண்ணுவார் சிலரே. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கூரம் என்னும் ஊரிற் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மன் செப்பேடு அவற்றுள் ஒன்று. பல்லவ மன்னர் தம் கொடைகளைச் செப்பேடுகளிற் பொறித்து, அவற்றை ஒரு வளையத்திற் கோத்து, வளையத்தின் முனைகள் கூடுமிடத்தில் இடப முத்திரை பதிப்பது வழக்கம். அரசனை நேரிற் கண்டறியாத ஊராரும் அம்முத்திரையைக் கண்டு ஆணையை ஏற்றனர். போலிச் செப்பேடுகளும் தோன்றியமையின், முத்திரையை ஆராய்ந்து ஏற்றலே அறிவுடைமை ஆயிற்று.

இப்பழங்கதை இன்று எதற்கு என மாணவர் வினவலாம். நிரல் எழுதும் நம் மாணவர், தம் திருத்தங்களை வரிசையாகக் காக்கும் கிட், சப்வெர்ஷன் முதலிய கருவிகளை நாள்தோறும் கையாளுகின்றனர். தொலைவிலுள்ள சேமிப்பகத்தைக் கருவி அணுகும்போது, அச்சேமிப்பகம் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதற்கு ஓர் இடைநிலை நிறுவனம் ஒப்பமிட்டிருக்கும். அவ்விடைநிலை நிறுவனத்துக்கு, நம் கணிப்பொறி முன்னரே நம்பியிருக்கும் மூல நிறுவனம் ஒப்பமிட்டிருக்கும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், சான்றிதழை நம்ப இயலவில்லை என்று கருவி நின்றுவிடுகிறது.

அவ்வேளையில் அருகிருக்கும் தோழர் கூறும் மருந்து ஒன்றே: "சரிபார்ப்பை அணைத்துவிடு." கிட் கருவியில் 'எஸ்எஸ்எல்வெரிஃபை' என்னும் அமைப்பை நிறுத்தினால் பிழை மறையும், வேலையும் நடக்கும். இம்மருந்தை நான் வன்மையாக மறுக்கிறேன். நள்ளிரவில் நாய் குரைத்தால் வாயிலை நோக்காது நாயின் வாயைக் கட்டுவார் உளரோ? சரிபார்ப்பை அணைத்தபின், இடையில் நிற்கும் கள்வன் சேமிப்பகம்போல் நடித்து நம் கடவுச்சொல்லைக் கவரலாம். திரித்த நிரலை நம் கையில் தரலாம். அந்நிரல் நாளை ஒரு வங்கியிலோ மருத்துவமனையிலோ இயங்கக்கூடும்.

காரணத்தைத் தேடுதல் அரிதன்று. முதற்கண் கணிப்பொறியின் நாளும் நேரமும் சரியா எனக் காண்க. அடுத்து, மூலச் சான்றிதழ்த் தொகுதி பழையதா எனக் காண்க. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழொன்று காலாவதியாயிற்று. அதனால் குற்றமற்ற சேமிப்பகங்களையும் பழைய கணிப்பொறிகள் பல ஏற்க மறுத்தன. ஆங்கு மென்பொருளைப் புதுப்பித்தலே தீர்வு. இடைநிலைச் சான்றிதழைச் சேமிப்பகம் அனுப்பத் தவறினால், அதனை நடத்துவோர்க்கு அறிவிக்க. நிறுவனம் தானே வழங்கிய சான்றிதழாயின், பொறுப்பாளரிடம் அதன் மூலச் சான்றிதழையும் கைரேகை எண்ணையும் நேரிற் பெற்று, ஒப்பிட்டபின் அச்சேமிப்பகம் ஒன்றற்கு மட்டும் பதிவு செய்க. மறுத்தல், ஒருமுறை ஏற்றல், என்றும் ஏற்றல் என மூன்று வழிகளைச் சப்வெர்ஷன் காட்டும். ஒப்பிடாமுன் மறுத்தலே தக்கது.

முத்திரை காப்போரே தவறினால் என் செய்வது என்பர் சிலர். தகுந்த வினாவே. 2014 ஜூலையில், நம் நாட்டுத் தேசியத் தகவலியல் மையத்தின் பெயரில், கூகுள் தளங்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. சான்றளிப்போரைக் கண்காணிக்கும் இந்திய அதிகாரி அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை மறுநாளே செல்லாதனவாக்கினார். ஆயின் அக்குற்றம் வெளிப்பட்டது, சரிபார்ப்பாரும் இருந்தமையால் அன்றோ? காவலர் ஒருவர் தவறினார் என்பதற்காகக் காவலையே நீக்குதல் முறையாகாது.

ஆதலின் மாணவ நண்பர்களே, பிழைச்செய்தி தோன்றும்போது சினவாது அதனைப் படியுங்கள். கால்மணி நேரம் செலவாகலாம். ஆயின், உங்கள் நிரலை நம்பி அதனைப் பயன்படுத்துவோர்க்கு நீங்கள் செலுத்தவேண்டிய கடன் அது.